நீலக் கடலை

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. படாளத்தைச் சுற்றி மானாவாரியில் கடலை போட்டவர்கள் செடியைப் பிடுங்கிக் கொல்லையில் கவிழ்த்துப் போட்ட அன்றைக்கே வானம் கறுத்தது. தார்ப்பாய் இருந்தவர்கள் மூடினார்கள். இல்லாதவர்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். விட்டு விட்டுப் பெய்த மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியபோது ஓட்டுக்குள்ளேயே பருப்பு வேர்த்துப்போயிருந்தது. மூட்டையைப் பிரித்தால் மண்வாசனை வரவில்லை. நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் ஒரு வாசனை வருமே, அதுதான் வந்தது.

அப்படியும் மூட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி அப்பாசாமியின் கடலைக் கிடங்கு. தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஒரு ஓரத்தில் ஓடு உடைக்கிற மெஷின். மெஷின் ஓடும்போது யார் பேசுவதும் காதில் விழாது. நின்றதும் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆளுக்கொரு முறத்தோடு வரிசையாகக் குந்தி, கடலையைத் தரம் பிரிப்பதுதான் அவர்கள் வேலை. முழுப் பருப்பு ஒரு பக்கம். உடைசல் ஒரு பக்கம். கறுத்தது, சுருங்கியது, பச்சையாகவும் மஞ்சளாகவும் பூசணம் பிடித்தது இன்னொரு பக்கம். அந்தக் கடைசிக் குவியலுக்குக் கழிசல் என்று பெயர்.

கழிசலில் பெரும்பகுதி செக்குக்குப் போகும். மீதியைச் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஆளுக்கொரு பையில் அள்ளிக்கொண்டு போகலாம். அது கூலியில் சேராது. அப்பாசாமியின் பெரிய மனசு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, ரொம்பக் கறுத்ததை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, மணலில் வறுத்தால் வாசனையெல்லாம் போய்விடும். சட்னி அரைப்பார்கள். காரக்குழம்பில் போடுவார்கள். வெல்லம் வைத்து இடித்துப் பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுப்பார்கள்.

சாராள் அந்தக் கிடங்கில் சேர்ந்தபோது மகள் ஜெனிஃபர் பால்வாடியில் இருந்தாள். இப்போது ஜெனிஃபர் செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அத்தனை வருடமும் சனிக்கிழமை தவறாமல் அந்தப் பை வீட்டுக்கு வந்தது.

சாராளின் கணவன் சாலமோன் சென்ட்ரிங் வேலைக்காரன். படூர் பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளுக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடத் தயார் செய்கிற வேலை. காலையில் இருட்டோடு பஸ் பிடிப்பான். சட்டைப் பையில் வறுத்த கடலைப் பொட்டலம் கண்டிப்பாக இருக்கும். சாயங்காலம் வேலை விட்டதும் மற்றவர்கள் கடைப் பக்கம் போய்ச் சரக்கை வாங்கிவந்து மணல் மேட்டில் வட்டமாக உட்காருவார்கள். சாலமோனும் உட்காருவான். ஆனால் தொடமாட்டான். அவனுடைய அண்ணன் போதையில் சாரத்திலிருந்து விழுந்து செத்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். நண்பர்களோடு பேசிக்கொண்டே கடலையை மட்டும் கொறிப்பான். மேஸ்திரி சரவணகுமார்தான் அவனுக்குப் பெயர் வைத்தது.

"சரக்கு இல்லாம சைடு டிஷ் மட்டும் துன்ற ஒரே ஆளு ஒலகத்துலயே நம்ம கடலதான் மச்சான்."

அன்றிலிருந்து அவன் பெயர் கடலை.

ஆடி மாதமே சாலமோனுக்குச் சோறு இறங்கவில்லை. வலது பக்கம் விலாவுக்குக் கீழே ஏதோ கல்லைக் கட்டிவிட்டதுபோல இருக்கிறது என்றான். புரட்டாசி பிறந்தபோது கண் மஞ்சளாகிவிட்டது. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள். திருக்கழுக்குன்றம் போய் மந்திரித்தார்கள். தெருவில் இருந்தவர்கள் அவனுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வூட்டுக்குத் தெரியாம ஊத்திகினு இருந்துகீறான். அங்க படூர்ல யார் பாத்தா?" என்று குழாயடியில் யாரோ சொன்னது சாராளின் காதில் விழுந்தது. குடத்தைப் பாதியில் எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு பாத்தீங்க? பாத்தவ முன்னால வா."

யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுபடி வரச் சொன்ன நாளில் ஒரு சின்ன வயசு டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். சாலமோன் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். சாராளும் ஜெனிஃபரும் பின்னால் நின்றார்கள்.

"எத்தனை வருஷமா குடிக்கிறாரு?"

"குடிக்க மாட்டாரு சார்."

"சரி. எப்ப நிறுத்தினாரு?"

"ஆரம்பிச்சாதான சார் நிறுத்தறதுக்கு."

அவர் லேசாகச் சிரித்தார். எழுதினார். ஜெனிஃபர் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் காதில் சொன்னாள். "குடியாலன்னு எழுதறாரும்மா."

"சார், அத்த அடி."

"என்னம்மா?"

"இப்ப எழுதினியே, அத்த அடி. அவரு குடிக்க மாட்டாரு."

"இங்க வர்ற எல்லாரோட வீட்லயும் இதைத்தாம்மா சொல்றாங்க. டைம் இல்ல, அடுத்த ஆளு நிக்கறாங்க பாருங்க."

"நிக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். எல்லாரும் சொல்றாங்கோ, செரி. அதுக்கோசரம் நான் சொல்றது பொய்யாயிடுமா? நீ எழுதற எழுத்து இவருகூடவே கடைசி வரிக்கும் வரும் சார். அடி."

சாலமோன் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தான். "வுடு சாராளு. எழுதினா எழுதிகினு போறாரு."

"நீ சும்மா இரு. ஒனக்குத்தான் ஒடம்பு முடியல. எனக்கு நல்லாத்தான கீது."

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். ஸ்ரீதேவி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நரை கண்ட, அவசரப்படாத பெண். படத்தைப் பார்த்தார், ரத்தச் சீட்டைப் பார்த்தார். சாலமோனின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, அவனிடம் ஒன்றும் கேட்காமல் சாராளிடம் கேட்டார்.

"வீட்ல என்ன சாப்பிடுவீங்க? தினமும் சாப்பிடறதச் சொல்லுங்க."

சாராள் சொன்னாள். ரேஷன் அரிசி, குழம்பு, ஞாயிற்றுக்கிழமை கறி, இல்லாவிட்டால் கோவளத்திலிருந்து வருகிற கூடைக்காரியிடம் மீன். கடலைச் சட்னி. வறுத்த கடலை.

"கடலை தினமுமா?"

"தெனமுந்தான். நான் பொறுக்கற எடத்துல தர்றது. பொட்டலம் இல்லாம வேலைக்குப் போவ மாட்டாரு."

பையில் ஒரு பொட்டலம் கிடந்தது. வருகிற வழியில் அவன் கேட்பான் என்று போட்டது. டாக்டர் அதை மேஜைமேல் கொட்டிப் பேனா முனையால் புரட்டினார். இரண்டாகப் பிளந்த பருப்புகளின் உள்குழியில் சாம்பல் பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தார். வாயில் போடவில்லை.

"இது ஒரு பூசணம்மா. ஈரத்துல வரும். அது ஒரு விஷத்த விடும். கழுவினாலும் போகாது, வறுத்தாலும் முழுசாப் போகாது. பாத்தா தெரியாது, நாக்குல பல நேரம் தெரியாது. ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்கா சாப்பிட்டா கல்லீரலப் பிடிக்கும். இவரு ரத்தத்துல காமாலைக் கிருமி ஒண்ணும் இருக்கு, அது பொறந்தப்பவே வந்திருக்கலாம். அந்தக் கிருமியும் இந்த விஷமும் ஒண்ணா சேர்ந்தா ரொம்பக் கெடுதல். கல்லீரல்ல கட்டி வந்திருக்கு."

"அப்ப இதாலதான்னு எழுதுங்க."

"அப்படி எழுத முடியாதும்மா. இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. இதுவும் சேர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்." சின்ன டாக்டரின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். "ஆனா குடின்னு எழுதினது தப்பு. அத அடிச்சுடறேன்."

அடித்தார். சாராள் குனிந்து, கோடு நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"வீட்ல ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும். கிருமி இல்லைன்னா ஊசி போட்டுக்கணும். அந்தக் கடலைய யாரும் தொடாதீங்க. முக்கியமா சின்னப் பசங்க. வளர்ச்சியே நின்னுபோகும்." கதவு வரை போன டாக்டர் திரும்பி ஜெனிஃபரைத் தனியாகக் கூப்பிட்டார். திரும்பி வந்த ஜெனிஃபரின் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சாராள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடலை வைத்திருந்த தகர டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடிவந்தன. அவற்றைத் துரத்திவிட்டு, மண்வெட்டியால் சேற்றை இழுத்து அதன்மேல் போட்டு மூடினாள். உள்ளே வந்து சாலமோன் படுத்திருந்த கட்டிலின் காலடியில் குந்தினாள். அப்போதுதான் அழுகை வந்தது.

"நான்தான கொண்ணாந்து கொண்ணாந்து குடுத்தேன். நானே ஒன் வாயில போட்டேன்."

"நீ இன்னா திருடினியா? குடுத்தான், கொண்ணாந்த. யாருக்குத் தெரியும்?" சாலமோனுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சிரித்தான். "கடல கடலன்னு கூப்டானுங்க. கடைசில கடலதான் கூட்டிகினு போவுது பாரு."

"சிரிக்காத. எனக்கு வவுறு எரியுது."

"எரியட்டும். அப்ப தெரியல, இப்ப தெரியுது இல்ல? தெரிஞ்சப்பறம் வுடாத."

மறுநாள் மெஷின் நின்ற நேரத்தில் சாராள் எழுந்து நின்று சொன்னாள். டாக்டர் சொன்னதைத் தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள். பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். எல்லாரையும்விட வயதில் மூத்த தனகோடிதான் முதலில் வாய் திறந்தாள்.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து இத்தத்தான் துன்றோம். இன்னா ஆயிடுச்சு?"

"ஒங்கப்பன் எத்தால செத்தாரு யக்கா?"

தனகோடி முறத்தைப் பார்த்தாள். "காமாலைல."

கூரைத் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. வரலட்சுமி சட்டென்று திரும்பினாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது படிக்கிறாள், பார்த்தால் அங்கன்வாடிப் பிள்ளை போல இருப்பாள்.

"இன்னாக்கா பயமுறுத்தற? புருசனுக்கு முடியலன்னா அதுக்கு எங்க துன்ற சோத்துல மண்ண போடுவியா? நீ வோணான்னா வுடு. ஒன் பங்கையும் சேத்து நான் எடுத்துகினு போறேன்."

"வரலட்சுமி, ஒன் சின்னது வளரலன்னு நீதான அழுத? டாக்டரம்மா சொன்னாங்கோ, சின்னப் பசங்க—"

"என் புள்ளய இதுல இஸ்காத!" வரலட்சுமி முறத்தைக் கீழே எறிந்தாள். கடலை தரையெல்லாம் சிதறியது. "என் புள்ளைக்கு நான் வெசம் வெக்கறேன்னு சொல்றியா? ஒன் ஊட்டுக்காரன் குடிச்சுட்டு—"

சொல்லி முடிக்கவில்லை. சாராள் அவள் எதிரே வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ஆஸ்பத்திரிலயே அடிச்சுட்டாங்கோ அந்த வார்த்தைய. நீ இன்னொருவாட்டி எழுதாத."

அந்தச் சனிக்கிழமை சாராள் ஒருத்திதான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை தனகோடியும் பையை எடுக்கவில்லை. கேட்டதற்கு, இடுப்பு வலிக்கிறது, சுமக்க முடியவில்லை என்றாள்.

அப்பாசாமி சாராளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். டீ வாங்கி வரச் சொல்லி, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே டீயைக் குடித்தாள்.

"ஊரெல்லாம் சொல்லிகினு கீறியாமே."

"கேட்டவங்ககிட்ட சொல்றேன் மொதலாளி."

"நானா ஈரத்துல வெச்சேன்? வானம் நனைச்சுது. வெவசாயி அத்த எங்கிட்டதான கொண்ணாறான்? படாளத்துக் கடலன்னாலே விஷமுன்னு பேரு கட்டிட்டா எவன் வாங்குவான்? நாளைக்கு அவன் கயித்த மாட்டிக்குவான். அதுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவர் சொன்னதில் ஞாயம் இல்லாமல் இல்லை. சாராளுக்கும் அது தெரிந்தது. அவளுடைய தம்பியே குத்தகைக்குக் கடலை போட்டவன்தான்.

"நல்லத விக்க வோணாம்னு நான் சொல்லல மொதலாளி. கழிசல கழிசலா வையுங்க. மனுசனுக்கும் குடுக்காதீங்க, மாட்டுக்கும் குடுக்காதீங்க. குழி தோண்டிப் பொதைங்க. அவ்ளோதான்."

"செரி செரி. இனிமே பொம்பளைங்களுக்குக் குடுக்கல. போதுமா? நீ வாய மூடிகினு வேலயப் பாரு."

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் சாலமோன் போய்விட்டான். விடிகிற நேரத்தில் தண்ணீர் கேட்டான், ஜெனிஃபர் ஸ்பூனில் கொடுத்தாள், இரண்டாவது ஸ்பூனை விழுங்கவில்லை.

மதியத்துக்குள் படூரிலிருந்து வேன் பிடித்து மேஸ்திரி சரவணகுமாரும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். சரவணகுமார் மாலையைப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு எழுந்து வெளியே போனான். குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் களைப்புத் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று வேனிலேயே ஒரு பெட்டி சரக்கு வாங்கி வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் மூடி திருகுகிற சத்தம் கேட்டது.

சாராள் பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்தாள். பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணாத்தே, அத்த வேனுக்குள்ள வையி."

சரவணகுமார் தடுமாறினான். "தங்கச்சி, இது வழக்கந்தான... பசங்க ராவெல்லாம் முழிச்சுகினு..."

"எல்லார் வூட்டுச் சாவுலயும் வழக்கம். இங்க இல்ல. இருந்த வரிக்கும் ஒங்ககூட குந்திகினு ஒரு சொட்டு தொட்டாரா? நீயே சொல்லு. இவங்க எல்லாரும் கேக்கறாப்ல சொல்லு."

தெருவே கூடியிருந்தது. குழாயடியில் பேசியவர்களும் இருந்தார்கள். சரவணகுமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தொட்டதில்ல," என்றான். பிறகு குரலை உயர்த்தி, "தொட்டதே இல்லப்பா! நானே எத்தினியோ வாட்டி பந்தயம் கட்டி ஊத்திக் குடுத்துகீறேன். வாங்கி மணல்ல கவுத்துடுவான். எங்க கடல மாதிரி ஒருத்தன் கெடையாது!"

"குடிச்சவன் எவனும் அவர தூக்கக் கூடாது. குடிச்சவன் மண்ணு போடக் கூடாது. குடிச்சுதான் ஆவணும்னா வூட்டுக்குப் போயிடுங்கோ. நானும் எம்பொண்ணும் தூக்கறோம்."

அவள் சொன்ன விதத்தைப் பார்த்து யாரும் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக நினைக்கவில்லை. சரக்குப் பெட்டி வேனுக்குள் போனது. ஏற்கெனவே வாயை நனைத்திருந்த இரண்டு பேர் தாங்களாகவே பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். மழையில் ஊறிய கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் வெறும் டீயைக் குடித்துவிட்டு வெட்டினார்கள். அந்தக் காலனியில் அப்படி ஒரு சாவு அதற்கு முன்னால் நடந்ததில்லை.

சில நாளிலேயே சாராள் வேலைக்குக் கிளம்பியதும் தெரு மறுபடியும் பேசியது. ஜெனிஃபருக்கும் சங்கடமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் வூட்ல இரும்மா. நான் சம்பாரிக்கறேன் இல்ல?"

"வூட்ல குந்திகினு இன்னாடி பண்ணுவேன்? செவுத்த பாத்துகினு இருந்தா அவரு வந்துடுவாரா?"

கிடங்கில் வேலை மும்முரமாக இருந்தது. மாமல்லபுரத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிற கூட்டத்துக்குக் கடலை மிட்டாயும் உருண்டையும் போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிற ஒருவர், இருக்கிற பருப்பையெல்லாம் அனுப்புங்கள் என்று போன் மேல் போன் செய்துகொண்டிருந்தார். மழை அடித்த வருடம், எங்கேயும் சரக்கு இல்லை. முழுப் பருப்பு கொஞ்சமே தேறியது. கழிசல் குவியல் சுவர் உயரத்துக்கு நின்றது.

டெம்போ வந்து வாசலில் பின்பக்கத்தைக் காட்டி நின்ற மத்தியானம், அப்பாசாமி கிடங்குக்குள் வந்து கையைத் தட்டினார்.

"உடைசலோட அந்தக் கழிசலையும் கலந்து கட்டுங்கம்மா. ரொம்பக் கருப்ப மட்டும் தள்ளிடுங்க. பாகுல போட்டு உருட்டறது, ஒண்ணியும் தெரியாது."

பெண்கள் சாராளைப் பார்த்தார்கள். அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போனாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று அப்பாசாமி நினைத்தார். அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

அவள் ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனாள். வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம், கடையில் இருந்த பாட்டில் அத்தனையும் வேண்டும் என்றாள். கடைக்காரர், இத்தனை வெள்ளைத் துணி ஏதம்மா என்று கேட்டார். பையில் போட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கிடங்குத் தொட்டியில் வாளியை முக்கித் தூக்கினாள். பாட்டில்களில் பாதியை ஒவ்வொன்றாகத் திறந்து வாளியில் கவிழ்த்தாள். முழங்கை வரை விட்டுக் கலக்கியதும் தண்ணீர் கருநீலமாகச் சுழன்றது. அப்பாசாமி வாசலில் டெம்போக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் சாராள் வாளியைத் தூக்கிக் கழிசல் குவியலின் தலையில் ஊற்றினாள். மேலிருந்து கோடு கோடாக நீலம் இறங்கியது. அடுத்த வாளியையும் முக்கி, இன்னும் சில பாட்டில்களைக் கவிழ்த்தாள்.

"ஏய்! ஏய்! இன்னாடி பண்ற?"

"ஊத்தறேன்."

"பைத்தியம் புடிச்சுப்போச்சா? எங்கூட்டு சரக்குடி அது!"

"சரக்கா? நீதான கழிசல்னு பேரு வெச்ச?" அத்தனை வருடம் நீங்க என்று கூப்பிட்டவள் அன்றைக்கு நீ என்றாள். "இப்ப கலக்கு. எவன் கண்ணுக்கும் தெரியாதுன்ன இல்ல? இப்ப தெரியும். ஒரு பருப்பு கலந்தாலும் தெரியும்."

"எங்க வூட்ல மட்டும் இன்னா தனியா துன்றோம்? எம்பேரனுக்கும் இந்தச் செக்கு எண்ணெயிலதாண்டி பொரிச்சுக் குடுக்கறோம்!"

"அவனுக்குஞ் சேத்துத்தான் ஊத்தறேன்."

இரண்டாவது வாளியும் குவியலில் இறங்கியது. அப்பாசாமி அதைப் பிடுங்கப் பாய்ந்தபோது அவருடைய வேட்டியிலும் நீலம் தெறித்தது. மூச்சு வாங்க நின்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"இன்னா வேடிக்க பாக்கறீங்க? வரலட்சுமி, கூடைய எடு. அள்ளிக் குழாய்ல கழுவு. சீக்கிரம்! வெயில் கீது, காஞ்சுடும்."

வரலட்சுமி எழுந்து கூடையை எடுத்தாள். குவியலுக்கு முன்னால் குந்தி, இரண்டு கையாலும் நீலக் கடலையை அள்ளிப் போட்டாள். தொட்டிக் குழாயைத் திறந்து, கூடையைக் காட்டித் தேய்த்தாள். நீலத் தண்ணீர் ஓடியது. பருப்பு மட்டும் நீலமாகவே இருந்தது. மறுபடி தேய்த்தாள். தோல் உரிந்து வந்தது. உள்ளே, பிளந்த பருப்பின் குழியில், சாம்பல் பூசணம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவலியா? நல்லா தேயி!"

"எது மொதலாளி போவணும்?" வரலட்சுமி ஒரு பருப்பை அவர் பக்கம் நீட்டினாள். "நீலமா, உள்ள கீறதா? கழுவித்தான எம்புள்ளைங்களுக்குக் குடுத்தேன். இப்படித்தான தேச்சு தேச்சுக் கழுவினேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பாசாமியின் காலடியில் அதைக் கவிழ்த்தாள். பையில் மூடி திறக்காமல் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துப் பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து, குவியலில் நீலம் படாத பக்கமாகப் பார்த்து ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டுப் பாட்டிலைச் சுவரில் எறிந்தாள்.

டெம்போக்காரன் தலையை நீட்டினான். "அண்ணாத்தே, லோடு ஏத்தறதா இல்லியா? மகாபலிபுரம் போய் நான் திரும்ப வோணாமா?"

அப்பாசாமி குவியலைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் சாக்கைத் தொடவில்லை. தனகோடி முறத்தை மடியில் அணைத்துக்கொண்டு நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசு கட்டி வெச்சது மட்டும் ஏத்து," என்றார் கடைசியில்.

பாதி கூட நிறையாமல் டெம்போ கிளம்பிப் போனது. அப்பாசாமி சாராளின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஒனுக்கு இனிமே இங்க வேல இல்ல."

"தெரியும். மொறத்துல கீறத முடிச்சுட்டுப் போறேன்."

உட்கார்ந்து முடித்தாள். முழுப் பருப்பை ஒரு பக்கம் தள்ளினாள், உடைசலை ஒரு பக்கம் தள்ளினாள். கறுத்ததை எடுத்து நீலக் குவியலில் வீசினாள். முறத்தைத் தட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் தனகோடி முந்தானையைப் பிடித்தாள்.

"மறுபடி கூப்ட்டா வருவியா?"

"கூப்டட்டும். நீலத்தோட வருவேன்னு சொல்லு."

வரலட்சுமியும் முறத்தை மாட்டிவிட்டு அவள் பின்னாலேயே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா எந்த நாள்லக்கா இருப்பாங்க? சின்னத இட்டுகினு போவணும்."

"நாளைக்கே போலாம். நான் வரேன்."

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் வந்தது. வேலை விட்டு வருகிற நேரம், பஸ் முழுக்கப் பெண்கள். கம்பெனிப் பெண்கள், கட்டிட வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள், கீரைக் கட்டு விற்று முடித்த காலிக் கூடைக்காரிகள். உட்கார இடமில்லை. சாராளும் வரலட்சுமியும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முழங்கை வரைக்கும் நீலமாக இருந்த நான்கு கைகளையும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரத்தில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள். குழந்தையின் கையில் ஒரு கடலை உருண்டை இருந்தது.

"இன்னாக்கா இது, கையெல்லாம் நீலம்?"

சாராள் பஸ்ஸை ஒருமுறை பார்த்தாள். முன்சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை பார்த்தாள். பிறகு, ஓடுகிற இன்ஜின் சத்தத்தைத் தாண்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, குரலை உயர்த்தி ஆரம்பித்தாள்.

"சொல்றேன், கேளு. எங்கூட்டுக்காரரு பேரு சாலமோன். ஆயுசுல ஒரு சொட்டு குடிச்சதில்ல."